பச்சைப் பொட்டலமும் பஞ்சுக் குச்சியும்

களியக்காவிளையைக் கடந்து இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்குள் நுழையும் பேருந்தில் இருப்பவருக்கு எல்லை தெரிவது கடைப் பலகைகளில்தான். எழுத்து மாறும், பேச்சு அவ்வளவு சட்டென்று மாறாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

எரிகிற வலியைச் சொல்ல இங்குள்ள பெண்ணுக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. எரிச்சல், காந்தல், கடுப்பு, குத்தல் என்று தமிழ் கொடுக்கிறது. நீற்றல், புகச்சில் என்று மலையாளம் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. மிளகாய் அரைத்த கையில் இருப்பது காந்தல். சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் நீற்றல். ஆனால் அந்த வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கணத்தில் இரண்டு மொழியும் ஒருசேரக் கைவிட்டுவிடுகின்றன. ‘கீழே’, ‘அடியில்’, ‘மூத்திரம் போகிற இடத்தில்’ என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. சங்கப் பாடல்களில் தாராளமாகப் புழங்கிய ‘அல்குல்’ என்ற சொல் இடுப்பைக் குறிக்கிறதா, பெண்குறியைக் குறிக்கிறதா என்று புலவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெயரே தகராறில் இருக்கும் இடத்தில் வரும் வலி, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

இன்னொரு சொல்லைப் போர்த்திக்கொண்டு போகிறது. ‘வெள்ளை’ என்பது அந்தச் சொல். “கீழ எரியுது” என்று தயங்குகிற பெண்ணிடம் “வெள்ளை போகுதா?” என்று கேட்பார்கள். கொஞ்சம் போகாத பெண் யார்? “ஆமா” என்பாள். ஓ.பி. சீட்டில் ‘ஒயிட் டிஸ்சார்ஜ்’ என்பதன் சுருக்கமாக ‘டபிள்யூ.டி.’ என்று இரண்டு எழுத்து ஏறும். எரிச்சல் சீட்டில் ஏறாமலே போய்விடும்.

இந்தக் கட்டுரை அந்த விடுபட்ட எரிச்சலைப் பற்றியது. யோனியில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் மாதக்கணக்கில் தீராத இந்த வலிக்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வாளர்கள் தேடிவருகிறார்கள். அவர்கள் இதுவரை கண்டதை அடுக்கிப் பார்த்தால், நுண்ணுயிர் இந்த வலியைத் தொடங்கிவைத்திருக்கலாம், ஆனால் வலி நிலைத்துவிட்ட பிறகு அதை நடத்துவது வேறொன்று என்ற முடிவுக்கு வர இடமிருக்கிறது. ‘வெள்ளை’க்கே மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவத்துக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

பெயர் வந்த கதை

1880களில் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களான கெய்லார்ட் தாமஸ், அலெக்சாண்டர் ஸ்கீன் ஆகியோர் இதை எழுதிவைத்தார்கள். தொட்டாலே துடிக்கிற அளவுக்கு உணர்ச்சி மிகுந்த பெண்ணுறுப்பு; கண்ணால் பார்த்தால் புண்ணோ கட்டியோ இல்லை. அதன் பிறகு நூறாண்டுக் காலம் இதைப் பெரும்பாலும் மறந்தேவிட்டார்கள். 1987-இல் எட்வர்ட் ஃபிரீட்ரிக் மூன்று அடையாளங்களை வகுத்தார்: யோனி வாயிலைத் தொடும்போதோ உறவின்போதோ கடும் வலி, பஞ்சுக் குச்சியால் அழுத்தினால் நோவு, கண்ணுக்குத் தெரியும் மாற்றம் என்றால் சற்றுச் சிவப்பு மட்டும். 2015-இல் மூன்று பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இன்றைய வரையறையைத் தந்தன. தெளிவான காரணம் எதுவும் புலப்படாமல் மூன்று மாதமாவது நீடிக்கும் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதி வலிக்கு ‘வல்வோடினியா’ என்று பெயர்.

‘காரணம் புலப்படாத’ என்ற அடைமொழியைப் பலர் ‘காரணமே இல்லாத’ என்று படித்துவிடுகிறார்கள். இந்த வலி அரிதானதும் அல்ல. பாஸ்டன் வட்டாரத்தில் பெர்னார்ட் ஹார்லோவும் எலிசபெத் ஸ்டூவர்ட்டும் பொதுமக்களிடையே நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 16 சதவீதப் பெண்கள் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இப்படிப்பட்ட வலியை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வைத்தியமே தேடவில்லை. தேடியவர்களில் 60 சதவீதம் பேர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்திருந்தார்கள். மருத்துவ வசதிக்குப் பேர்போன பாஸ்டனிலேயே நிலைமை இது.

இந்தியாவின் பழைய மருத்துவம் இந்த வலியை அறியாததல்ல. ஆயுர்வேதம் ‘யோனி வியாபத்து’ என்று இருபது வகைப் பெண்நோய்களை வகுக்கிறது. அவற்றுள் ‘விப்லுதை’ என்பதற்குச் சுசுருத சங்கிதை தரும் இலக்கணமே ‘ஓயாத வலி’ என்பதுதான். சரகர் சொல்லும் ‘அசரணை’ என்ற வகையில், கழுவாமையால் உண்டாகும் நுண்பூச்சிகள் அரிப்பைத் தருகின்றன. நோவைத் தனியாகவும் பூச்சியைத் தனியாகவும் வைத்துப் பேசியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டியது நம் காலம்.

வெள்ளையின் கணக்கு

இந்தியப் பெண்களின் நோய்களைக் கிராமத்துக்கே போய்ப் பார்த்த முதல் பெரிய ஆய்வு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் நடந்தது. ராணி பங்கும் உடனிருந்தோரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோவொரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காகப் பரிசோதிக்கப்பட்டிருந்தவர்கள் 8 சதவீதம் பேர் மட்டுமே.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 16 முதல் 22 வயது வரையிலான மணமான பெண்கள் 451 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டதில், 53 சதவீதம் பேர் ஏதோவொரு தொல்லையைச் சொன்னார்கள். ஆய்வகச் சோதனையில் தொற்று உறுதியானது 38 சதவீதம் பேருக்கு. தொல்லை இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த மருத்துவத்தையும் நாடவில்லை. பக்கத்து நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு, ‘இதெல்லாம் சகஜம்தானே’ என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

நம் கேள்விக்கு மிக அருகில் வருவது கோவா ஆய்வு. விக்ரம் படேலும் குழுவினரும் 18 முதல் 50 வயதுக்குட்பட்ட 2,494 பெண்களிடம் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்டார்கள், கூடவே ஆய்வகச் சோதனையும் செய்தார்கள். 14.5 சதவீதம் பேர் வெள்ளைப்படுதல் உண்டு என்றார்கள். ஆனால் அந்தப் புகாருக்கும் சோதனையில் தெரிந்த தொற்றுக்கும் இருந்த உறவு பலவீனமாக இருந்தது. மனக்கலக்கம், உடற்சோர்வு, வாழ்க்கை நெருக்கடி ஆகியவற்றோடு இருந்த உறவே வலுவாக இருந்தது. இதைப் படித்து ‘எல்லாம் மனப்பிரமை’ என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை. வெள்ளை என்று சொல்லி வரும் பெண் வேறெதையோ சொல்ல வருகிறாள் என்பதுதான் கோவாவின் பாடம். சிலருக்கு அது துயரம். சிலருக்கு, சொல்ல வார்த்தையற்ற எரிச்சல்.

மலையாளத்தில் வெள்ளைப்படுதலுக்கு ‘அஸ்தியுருக்கம்’ என்றொரு பெயர் உண்டு. எலும்பு உருகி வெளியேறுகிறது என்று பொருள். தமிழிலும் ‘உடம்பு உருகிப் போகுது’ என்பார்கள். இப்படிப் பெயர் சூட்டப்பட்ட ஒன்றைப் பெண்கள் பயந்து பேசுவதில் வியப்பில்லை. பயத்தோடு பேசினாலும், வெள்ளையைப் பற்றிப் பேச ஊர் அனுமதிக்கிறது. வலியைப் பற்றிப் பேசினால் பேச்சு கணவனிடம், படுக்கையில் போய் நிற்கும். அதற்கு அனுமதி இல்லை. வேலூரில் ஒரு மருத்துவப் பிரிவுக்கு வந்த 149 மணமான பெண்களிடம் வினாத்தாள் வழியே கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 64.4 சதவீதம் பேரின் விடைகள் உறவின்போது வலிச் சிக்கல் இருப்பதைக் காட்டின. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு என்பதால் ஊருக்கெல்லாம் இதைப் பொருத்த முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: கேட்டால் சொல்கிறார்கள்.

பச்சை நிறத்துக்குள் என்ன இருக்கிறது

ஆய்வகம் இல்லாத ஊரில் தொற்றை எப்படிக் கையாள்வது என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம் தந்த விடை, அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுப்பது. அதை ஒட்டித் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களை அரசு நிலையங்களுக்கு அனுப்பியது. சாம்பல், வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் முதலியவற்றுக்கு நடுவே வெள்ளைப்படுதலுக்கு உரியது பச்சை. உள்ளே செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூக்கோனசோல் 150 மில்லிகிராம். முன்னது பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கும், பின்னது பூஞ்சைக்கு.

இந்த ஏற்பாட்டைக் குறைசொல்வது எளிது. ஆனால் நுண்ணோக்கியும் பெண் மருத்துவரும் எட்டாத ஊரில் லட்சக்கணக்கான பெண்களுக்குத் தொற்று தீர்ந்தது இதனால்தான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கீழ்வயிற்று வலிக்கு மஞ்சள் உண்டு, புண்ணுக்கு வெள்ளையும் சிவப்பும் உண்டு. வெள்ளைப்படுதலும் இல்லாமல், புண்ணும் இல்லாமல், தொட்டால் எரிகிற வலிக்கு நிறமே கிடையாது. அந்தப் பெண்ணுக்கும் பச்சைதான் கிடைக்கும். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தால் மறுபடி பச்சை. பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி, நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரி, காரக்கோணம் மருத்துவக் கல்லூரி, எல்லைக்கு அந்தப் பக்கம் 1838-இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி என்று இந்த வட்டாரத்தில் மருத்துவத்துக்குக் குறைவில்லை. ஓர் இடத்தில் தீராதவர் இன்னோர் இடத்துக்குப் போகலாம். போகும்போது பழைய சீட்டை எடுத்துச்செல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆறாவது மருத்துவர் முதல் மருத்துவராகவே தொடங்குவார்.

அமிலம் காக்கும் வாசல்

1892-இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் யோனிக் கசிவில் ஒரு கோல்வடிவ பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார். அவர் தேடியது பிரசவக் காய்ச்சலின் காரணத்தை, கிடைத்தது காவலாளி. லாக்டோபேசில்லஸ் என்று இன்று நாம் அழைக்கும் அந்தக் குடும்பம் யோனிச் சுவரிலிருந்து வரும் சர்க்கரைச் சத்தைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகிறது. அமிலம் மிகுந்திருக்கும்வரை, அதாவது பி.எச். அளவு 4.5-க்குக் கீழே இருக்கும்வரை, பிற கிருமிகள் பெருக இடமில்லை. காவலாளி குறைந்து வேறு பாக்டீரியாக் கூட்டம் பெருகினால் அது ‘பாக்டீரியல் வஜைனோசிஸ்’. மீன்வாடை அடிக்கும் மெல்லிய கசிவு அதன் அடையாளம். மைசூரில் பூர்ணிமா மதிவாணன் குழுவினர் 898 இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வில் 19.1 சதவீதம் பேருக்கு இது இருந்தது. கோவாவில் 17.8 சதவீதம்.

வளர்த்துப் பார்க்காமல் மரபணுவை நேரடியாகப் படிக்கும் முறை வந்தபோது இந்தச் சித்திரம் சிக்கலாகியது. 2011-இல் ஜாக் ரவேலும் பிறரும் வட அமெரிக்காவில் நோய்க்குறி ஏதுமில்லாத 396 பெண்களின் நுண்ணுயிர்களைப் படித்து ஐந்து வகைக் குழுமங்களாகப் பிரித்தார்கள். நான்கில் நான்கு வெவ்வேறு லாக்டோபேசில்லஸ் இனங்கள் கோலோச்சின: கிரிஸ்பேட்டஸ், கேசெரி, ஐனர்ஸ், ஜென்செனி. எஞ்சிய ஒன்றில் எந்த லாக்டோபேசில்லஸும் தலைமை ஏற்கவில்லை; பலவகை உயிர்கள் கலந்திருந்தன. லாக்டோபேசில்லஸ் ஆட்சி வெள்ளைப் பெண்களில் சுமார் 90 சதவீதம், ஆசியப் பெண்களில் சுமார் 80 சதவீதம், கறுப்பின, ஹிஸ்பானியப் பெண்களில் சுமார் 60 சதவீதம். அத்தனை பேரும் நலமாக இருந்தவர்கள். ‘நல்ல’ யோனி நுண்ணுயிர்க் குழுமம் இதுதான் என்று ஒரே வரைபடத்தை எல்லார் மீதும் விரிக்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இந்தியப் பெண்களிடம் வரைபடம் இன்னும் வேறாக இருக்கலாம். தில்லியில் நலமான பெண்களிடம் எடுத்து வளர்த்த மாதிரிகளில் ரியூட்டெரி, ஃபெர்மென்டம் போன்ற இனங்கள் முன்னின்றதாக 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் வளர்ப்பு முறைக்கு ஒரு கண் குருடு. ஐனர்ஸ் என்ற இனம் லாக்டோபேசில்லஸுக்கென்றே வைத்திருக்கும் வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் முளைக்காது. அதனால்தான் 1999 வரை அது பெயரில்லாமலே கிடந்தது. எதைக்கொண்டு தேடுகிறோமோ அதற்கு அகப்படுவதே கிடைக்கிறது. நுண்ணுயிர் ஆய்வைப் படிக்கிறவர் இதை மறக்கக் கூடாது.

தேடியது ஓரிடம், வலித்தது வேறிடம்

வல்வோடினியா உள்ள பெண்களின் நுண்ணுயிர்கள் வேறாக இருக்கின்றனவா? 2013-இலிருந்து வந்த சிறிய ஆய்வுகள் சில வேற்றுமைகளைக் காட்டின. ஒன்றில் கேசெரி மிகுதி, இன்னொன்றில் வேறு. ஒன்று கண்டதை மற்றது காணவில்லை. 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, மருத்துவர் பரிசோதித்து உறுதிசெய்த 234 வல்வோடினியாப் பெண்களையும் வலியில்லாத 234 பெண்களையும் ஒப்பிட்டது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இரு குழுவின் நுண்ணுயிர்ப் பன்மையில் பெரிய வேற்றுமை இல்லை. நோயெதிர்ப்போடு சம்பந்தப்பட்ட முந்தைய அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் நுண்ணுயிர்கள் ஓர் இணைக்காரணியாகத் தலைகாட்டின. தனித்து நின்று வலியைத் தரும் குற்றவாளியாக எந்த பாக்டீரியாவும் பிடிபடவில்லை.

இங்கே உடற்கூறு சார்ந்த ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் மாதிரி எடுப்பது யோனியின் உள்ளிருந்து. வலிப்பதோ பெரும்பாலும் யோனி வாயிலில், அதாவது உள்ளிதழ்களுக்கு நடுவே, கன்னிச்சவ்வுக்கு வெளியே இருக்கும் சிறு வட்டத்தில். அந்த வட்டத்தின் வெளி விளிம்பில் தோல் முடிந்து ஈரச்சவ்வு தொடங்குகிறது. மருத்துவ நூல்கள் அதை ஹார்ட் கோடு என்கின்றன. கருவில் உருவாகும்போது வெளித்தோல் ஒரு படலத்திலிருந்தும் வாயில் வேறொரு படலத்திலிருந்தும் வருகின்றன. வாயிலின் மூலம் சிறுநீர்ப் பையின் மூலத்தோடு ஒன்று. அந்தப் பெண் ‘மூத்திரம் போகிற இடத்தில்’ என்று சொன்னது ஒருவகையில் சரியான உடற்கூறு. 2014-இல் ஒரே பெண்ணிடம் வாயிலிலிருந்தும் உள்ளிருந்தும் இரட்டை மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் இருந்த பாக்டீரியாக் கூட்டங்கள் பெருமளவு ஒத்திருந்தன. அப்படியானால் ஒரே கூட்டம் இரண்டு இடத்தில் இருந்தும் ஓரிடம் மட்டும் ஏன் எரிகிறது? விடை நுண்ணுயிரில் மட்டும் இருக்க முடியாது. அதை எதிர்கொள்ளும் சதையிலும் தேட வேண்டும்.

அணைந்த பிறகும் சுடும் அடுப்பு

நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் டேவிட் ஃபாஸ்டர், மேகன் ஃபால்செட்டா குழுவினர் தேடியது அந்தச் சதையில்தான். வலியுள்ள பெண்களிடமும் வலியில்லாத பெண்களிடமும் யோனி வாயிலிலிருந்தும் வெளித்தோலிலிருந்தும் இணைப்புத்திசு செல்களை எடுத்து வளர்த்து, அவற்றின்மேல் கேண்டிடா பூஞ்சையை விட்டார்கள். அழற்சியை மூட்டும் இன்டர்லூகின்-6, புரோஸ்டாகிளான்டின் ஆகிய பொருள்களை வாயில் செல்கள் வெளித்தோல் செல்களைவிட மிகுதியாகச் சுரந்தன. வலியுள்ள பெண்களின் வாயில் செல்கள் எல்லாவற்றையும் விட மிகுதி. வழக்கமான பரிசோதனையில் தொற்று என்று சொல்ல முடியாத அளவு சொற்பப் பூஞ்சைக்கே அவை கொதித்தன.

மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மெலிசா ஃபார்மரும் ஜெஃப்ரி மோகிலும் மற்றவர்களும் எலிகளில் செய்து 2011-இல் வெளியிட்ட சோதனை அடுத்த கண்ணி. பெண் எலிகளுக்குக் கேண்டிடா தொற்றை உண்டாக்கி, மருந்து கொடுத்துத் தீர்த்து, மறுபடி உண்டாக்கித் தீர்த்தார்கள். மூன்று சுற்றுக்குப் பின் பூஞ்சை முற்றிலும் போய்விட்டது. ஆனால் ஒரு பகுதி எலிகளுக்குத் தொட்டால் வலிக்கும் நிலை மூன்று வாரத்துக்கு மேலும் நீடித்தது. அந்த இடத்தில் வலியுணர்த்தும் நரம்பிழைகள் பெருகியிருந்தன. இதே நரம்புப் பெருக்கத்தை 1990களின் இறுதியிலேயே சுவீடன் ஆய்வாளர்கள் பெண்களின் திசுவில் பார்த்திருந்தார்கள்.

எல்லா எலிகளுக்கும் ஏன் வரவில்லை? எல்லாப் பெண்களுக்கும் ஏன் வருவதில்லை? நியூயார்க்கில் ஸ்டீவன் விட்கின் குழு 2000-இல் காட்டியது ஒரு பாதி விடை. அழற்சியை அடக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இந்த வலியுள்ள பெண்களிடம் அதிகமாக இருந்தது. மூட்டிய தீயை அணைக்கும் கை சிலருக்குப் பிறவியிலேயே மெதுவானது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இப்படி ஒரு வரிசை தெரிகிறது. நுண்ணுயிர்ச் சமநிலை குலைகிறது. பூஞ்சையோ பிறிதொன்றோ பலமுறை வந்து போகிறது. சிலருடைய திசு அதற்கு அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. கொதிப்பு அடங்கத் தாமதமாகும்போது நரம்பு பெருகுகிறது. அடிக்கடி வலித்ததால் இடுப்புத்தளத் தசைகள் இறுகப் பழகுகின்றன. அதற்குப் பிறகு கிருமி போனாலும் வலி தன் காலில் நிற்கிறது. விறகை இழுத்த பிறகும் மண் அடுப்பு வெகுநேரம் சுடுவதைப் போல. இந்த வரிசையின் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று உண்டு. ஒரே பெண்ணில் முதலிலிருந்து கடைசிவரை கண்டு காட்டும் சான்று இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் நீண்டகால எரிச்சலோடு நான்காவது முறை வரும் பெண்ணுக்கு மறுபடியும் பூஞ்சை மருந்து கொடுப்பது, இல்லாத விறகைத் தேடி இழுப்பது என்று சொல்ல இவ்வளவு போதும்.

தயிர், கிருமிநாசினி, மாத்திரை

நுண்ணுயிர் என்ற சொல் பரவத் தொடங்கியதும் தயிர் வைத்தியமும் புரோபயாட்டிக் மாத்திரையும் பின்னாலேயே வந்தன. தயிரில் வாழும் இனங்கள் வேறு, யோனியில் குடியேறும் இனங்கள் வேறு. கிரிஸ்பேட்டஸ் இனத்தையே யோனிக்குள் வைத்துக் கொடுத்த ஒரு மருந்தை 228 பெண்களிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். 12 வாரத்தில் வஜைனோசிஸ் திரும்ப வந்தது மருந்து பெற்றவர்களில் 30 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 45 சதவீதம். நல்ல பலன்தான், ஆனால் சோதித்தது வஜைனோசிஸுக்கு, வலிக்கு அல்ல. கிருமிநாசினி கலந்த வெந்நீரில் கழுவுவதும், உள்ளே சோப்பு போடுவதும் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றன: காவலாளியை விரட்டி, ஏற்கெனவே கொதிக்கிற சவ்வை மேலும் சுடுகின்றன. ‘சுத்தம் போதவில்லையோ’ என்று குற்ற உணர்வில் மேலும் மேலும் கழுவுகிற பெண்ணிடம் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும்.

மேலைநாட்டு ஆய்வுக் கட்டுரைகளை அப்படியே இங்கே இறக்குவதிலும் கவனம் வேண்டும். அங்கே கருத்தடை மாத்திரைக்கும் இந்த வலிக்கும் தொடர்பு உண்டா என்பது பெரிய விவாதம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெரும்பாலோர் நாடுவது மாத்திரையை அல்ல, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை. இங்கே முதலில் கேட்க வேண்டியவை வேறு. சர்க்கரை நோய் மலிந்த மண் இது; திரும்பத் திரும்பப் பூஞ்சை வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வரும் வறட்சி எரிச்சலுக்குத் தனி மருத்துவம் உண்டு. தோல் வெளிறி மெலிந்துபோகும் லைக்கன் ஸ்க்ளிரோசஸ் போன்ற தோல்நோய்களைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்குப் பார்க்க வேண்டும்.

ஐந்து மணியும் ஏழு மணியும்

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பி.எச். தாள், 4.5-க்கு மேல் போனால் வஜைனோசிஸையோ டிரைக்கோமோனாஸையோ சந்தேகிக்கலாம். ஒரு கண்ணாடிச் சில்லில் துளிக் கசிவும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும். நுண்ணோக்கியில் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்க்கலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சோதனைக்கு வழியுள்ள இடங்களில் அறிகுறியை மட்டும் நம்ப வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தது. மருத்துவக் கல்லூரிகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த வட்டாரம் வழியற்ற இடம் அல்ல.

மூன்றாவது கருவி ஈரப் பஞ்சுக் குச்சி. காது குடைய வைத்திருக்கும் ‘பட்ஸ்’ போன்றதுதான். தொடையிலிருந்து தொடங்கி, வெளியிதழ், உள்ளிதழ், பிறகு வாயில் என்று மெல்ல அழுத்திக்கொண்டு வர வேண்டும். யோனி வாயிலை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொண்டு, எத்தனை மணி இடத்தில் எவ்வளவு வலிக்கிறது என்று பெண்ணிடமே கேட்டுக் குறிக்க வேண்டும். யோனி வாயிலில் வலி உள்ள பலருக்கு நோவு கீழ்ப்பாதியில், ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் அருகில் கூடுதலாக இருக்கும். இரண்டு நிமிடம் ஆகாத இந்தச் சோதனை ஒரு முக்கியமான காரியத்தைச் செய்கிறது. இடத்தின் பெயரை வாயால் சொல்ல முடியாத பெண், “இங்கே” என்று சொன்னால் போதும்.

பிறகு என்ன மருத்துவம்? மந்திர மாத்திரை கிடையாது. டெசிப்ரமின் என்ற நரம்புவலி மாத்திரையையும் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பையும் 133 பெண்களிடம் சோதித்து 2010-இல் வெளியிட்டபோது, இரண்டும் போலி மருந்தை மிஞ்சவில்லை. கனடாவில் 212 பெண்களிடம் நடந்து 2021-இல் வெளிவந்த ஒப்பீட்டில் வென்றது பிசியோதெரபி. வாரம் ஒரு முறையாகப் பத்து அமர்வு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி பெற்றவர்களுக்கு, பத்து வாரம் இரவுதோறும் லிடோகெய்ன் பூசியவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. இறுகிய தசையைத் தளர்த்துவதும் மிரண்ட நரம்பைப் பழக்குவதும்தான் பலன் தருகின்றன என்றால், அது மேலே சொன்ன வரிசையோடு பொருந்துகிறது. தொடங்கியது நுண்ணுயிராக இருக்கலாம்; மீட்பு தசையிலும் நரம்பிலும் நடக்கிறது. நுண்ணுயிர் ஆய்வின் பயன் ஒருவேளை அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கலாம்: திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களில் யாருக்கு வலி வேரூன்றும் என்று கண்டு, மூன்றாவது சுற்றுக்கு முன்பே தடுப்பது.

அதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாறசாலையிலோ காரக்கோணத்திலோ களியக்காவிளையிலோ, எரிச்சல் என்று தயங்குகிற பெண்ணிடம் “வெள்ளை போகுதா?” என்பதோடு “தொட்டா எங்க வலிக்குது?” என்றும் ஒரு நர்ஸ் கேட்கலாம். ஓ.பி. சீட்டில் அந்த இரண்டு எழுத்துக்குப் பதிலாக, எந்த மொழியிலாவது, இப்படி ஒரு வரி எழுதலாம்: யோனி வாயிலில் வலி, ஐந்து மணி, ஏழு மணி, ஆறு மாதமாக, பச்சைப் பொட்டலம் மூன்று முறை கொடுத்தாயிற்று. அடுத்த மருத்துவர் எல்லையின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் நான்காவது பொட்டலத்தை எடுக்க மாட்டார்.